பரணில் இருந்த ஜகன்மோகினி

மாதுங்காவில், பழையவர்கள் இன்றும் கிங்ஸ் சர்க்கிள் என்றே வழங்கும் மகேஸ்வரி உத்தியானத்திற்கு அண்மையில், நம் சங்கத்து அன்பர் ஒருவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த கட்டடம் இடிபட இருக்கிறது. அவ்விடத்தில் புதிய மாடி வீடு எழும்பும் வரையில் அவர்கள் செம்பூருக்குக் குடிபெயர்கிறார்கள். சாமான் ஒழிக்கும் நாளன்று ஒருமுறை பார்த்து வருவோம் என்று நாம் சென்றிருந்தோம். கூடத்தின் நடுவே ரத்திக்காரர் தராசுடன் அமர்ந்திருந்தார். பழைய செய்தித்தாள்கள், பஞ்சாங்கங்கள், மணமான பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் யாவும் கட்டுக்கட்டாக அவர் முன் குவிந்து கிடந்தன.

அந்தக் குழப்பத்தின் நடுவிலேயே அவ்வீட்டுப் பேத்தி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்கிறாள். என்ன பாடம் என்று வினவினோம். அயர்லாந்து தேசம் அடிமைப்பட்டிருந்த நாளில் அந்நாட்டின் மொழியையும் கலையையும் மீட்பதற்கு உழைத்த பெண் எழுத்தாளர்களைப் பற்றிய பாடம் என்றாள். விடை கூறியதோடு நிற்காமல், பாட்டியை நோக்கி, "நம்மிலே இப்படி யாராவது இருந்தார்களா, பாட்டி?" என்று கேட்டாள்.

"ஏன் இல்லை? என் மாமியார் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தாரே! பரணிலே பாரடி" என்றார் பாட்டியார்.

பரண் முன்னமே காலியாகிவிட்டது. பெட்டியில் இருந்தவை தராசுத் தட்டில் ஏறியிருந்தன. காக்கித் துணியில் அட்டை கட்டிய நான்கு தொகுதிகள். ஜகன்மோகினி என்னும் மாதப் பத்திரிகையில் வெளிவந்த தொடர்கதைகளை மாதந்தோறும் கத்தரித்தெடுத்து, வரிசையாக அடுக்கித் தைத்துக் கட்டியவை. ஒன்றில் முதல் சில தாள்கள் இல்லை. மற்றொன்றில் கடைசித் தாள்கள் இல்லை. ஒரு தொகுதியின் உள்ளட்டையில் பென்சிலால் ஒரு பட்டியல்: கீழ் வீடு, இரண்டாம் மாடி, பின் கட்டு, மீண்டும் கீழ் வீடு. அந்தக் கட்டடத்தில் யார் யார் இரவல் வாங்கிச் சென்றார்கள் என்ற கணக்கு அது. எடை மூன்றரைக் கிலோ என்றார் ரத்திக்காரர். நாம் சற்றுக் கூச்சத்துடனேயே அவற்றைத் தட்டிலிருந்து இறக்கிக்கொண்டோம்.

அப்பெண் கேட்ட கேள்விக்கு அன்று நாம் நின்ற நிலையில் அளித்த மறுமொழி அரைகுறையானது. அதனைச் சிறிது விரிவாகக் கூறவே இங்கு முற்பட்டோம்.

முதலில் அவளுடைய பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தை ஆங்கிலேயர் ஆண்டனர். 1845 முதல் 1849 வரை அந்நாட்டை வாட்டிய பஞ்சத்திலும், அதன்பின் கப்பலேறிப் போன கூட்டத்திலும், ஐரிஷ் மொழி பேசியோரே மிகுதியாக மறைந்தனர். எஞ்சியவர்களின் இல்லங்களில் ஆங்கிலம் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், தம் மொழி தம் கண்ணெதிரே நழுவுவதைக் கண்ட சிலர் விழித்தெழுந்தார்கள். 1893இல் கேலிக் லீக் என்ற மொழிச் சங்கம் தோன்றியது. அதன் வகுப்புகளில் பெண்களும் சேரலாம் என்றிருந்தது அக்காலத்தில் பெரிய செய்தி.

லேடி கிரிகரி என்ற சீமாட்டி, கணவரை இழந்த பின்பு, நாற்பது வயதுக்கு மேல் ஐரிஷ் மொழியைக் கற்கத் தொடங்கினார். குடியானவர்களின் குடிசைகளுக்குச் சென்று கிழவர்களிடமும் கிழவிகளிடமும் பழங்கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1904இல் டப்ளின் நகரில் திறக்கப்பட்ட அபி நாடக அரங்கை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1902இல் 'கதலீன் நி ஹூலிஹான்' என்ற நாடகம் அரங்கேறியது. கலியாணத்திற்கு ஆயத்தமான ஒரு வீட்டிற்கு ஏழைக் கிழவி ஒருத்தி வருகிறாள். மணமகனாக வேண்டிய இளைஞனைப் போர்க்களத்திற்கு அழைத்துப் போகிறாள். அவளே நாட்டின் வடிவம். அந்தக் கிழவியாக நடித்தவர் மாட் கான் என்னும் வீர மாது. நாடகத்தின் ஆசிரியர் கவிஞர் யேட்ஸ் என்றே உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. பெரும்பகுதியை எழுதியவர் லேடி கிரிகரியே என்பதை ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில்தான் எடுத்துக்காட்டினர். எழுதினவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர்! இத்தகைய கதை நமக்குப் புதிதல்ல.

நம் நெஞ்சுக்கு இன்னும் நெருங்கியவர்கள் பெல்பாஸ்ட் நகரத்து இரு தோழியர். ஆலிஸ் மில்லிகன், அன்னா ஜான்ஸ்டன் என்பன அவர்கள் பெயர். பின்னவர் எத்னா கார்பெரி என்ற புனைபெயரில் கவிதை எழுதியவர். இருவருமாகச் சேர்ந்து 1896 முதல் 1899 வரை 'ஷான் வான் வோக்ட்' என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார்கள். 'ஏழைக் கிழவி' என்பது அதன் பொருள். அதுவும் தாய்நாட்டையே குறிக்கும். கவிதை, கதை, பழைய வீரர்களின் வரலாறு என்று நிரம்பிய அச்சிறு ஏடு, கடல் கடந்து அமெரிக்காவில் பிழைக்கச் சென்றிருந்த ஐரிஷ் குடும்பங்களையும் எட்டியது. பிழைக்கப் போன ஊரில் தாய்நாட்டு ஏட்டைப் பிரிக்கும்போது நெஞ்சில் எழும் உணர்ச்சி எத்தகையது என்பதை மாதுங்காவிலும் தாராவியிலும் உள்ளோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விரு நாடுகளையும் இணைத்த பெண்மணிகளும் உண்டு. அயர்லாந்தில் டங்கானன் என்ற ஊரில் 1867இல் பிறந்த மார்கரெட் நோபிள், விவேகானந்தரின் சீடராகி நிவேதிதை ஆனார். நம் பாரதியார் அவரைத் தம் குருவாகவே போற்றினார். 1908இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்கள்' நூலையும், அடுத்த ஆண்டு வெளியிட்ட 'ஜன்ம பூமி'யையும் அவருக்கே சமர்ப்பித்தார். "உம் மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை?" என்று நிவேதிதை வினவியதே பாரதியாரின் பெண் விடுதலைக் கொள்கைக்கு உரமாயிற்று என்று கூறுவர். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முன்பே, 1905இல், பெண்களுக்கென 'சக்கரவர்த்தினி' என்ற இதழின் ஆசிரியப் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். விதை முன்னமே இருந்தது. நிவேதிதை நீர் வார்த்தார் என்பதே பொருந்தும்.

மற்றவர் மார்கரெட் கஸின்ஸ் அம்மையார். அயர்லாந்தில் பாயில் என்னும் சிற்றூரில் 1878இல் பிறந்தவர்; அவருடைய கணவர் ஜேம்ஸ் கஸின்ஸ் ஐரிஷ் மறுமலர்ச்சிக் கவிஞர்களுள் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி 1908இல் டப்ளினில் சங்கம் கண்டார், சிறையும் சென்றார். 1915இல் இந்தியாவிற்கு வந்தார். 1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது அதை நிறுவியவர்களுள் ஒருவரானார். அச்சங்கம் 'ஸ்திரீ தர்மம்' என்ற பத்திரிகையை நடத்திற்று. 1919இல் மகாகவி தாகூர் மதனப்பள்ளிக்கு வந்திருந்தபோது, இன்று நம் தேசிய கீதமாக விளங்கும் பாடலின் மெட்டுக்குச் சுரக்குறிப்பு அமைத்ததும் இவ்வம்மையாரே. பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக 1932இல் ஓராண்டுத் தண்டனை பெற்று வேலூர்ச் சிறையில் இருந்தார். 1954இல் அடையாற்றிலேயே காலமானார்.

வேலூர்ச் சிறை என்றதும் நம் தமிழ்ப் பெண்மணிகள் நினைவுக்கு வருகிறார்கள். சீனிவாச ஐயங்காரின் திருமகளார் அம்புஜம்மாள் 1932ஆம் ஆண்டின் அன்னியத் துணி மறியலில் சிறைப்பட்டார். செல்வத்தில் பிறந்து கதரை உடுத்த அவர், இந்தி பயின்று, பிரேம்சந்தின் 'சேவாசதனம்' நாவலைத் தமிழாக்கினார். 1938இல் அக்கதை திரைப்படமாயிற்று. தென்னார்க்காட்டில் பண்டிதை அசலாம்பிகை அம்மையார், இளமையிலேயே கைம்மை எய்தியவர், காந்தியடிகளின் வாழ்க்கையை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களில் 'காந்தி புராண'மாகப் பாடினார். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகி அம்மையார் 'குமுதினி' என்ற புனைபெயரில் எழுதினார். அயோத்தியில் வாழ்க்கைப்பட்ட சீதை புடைவைக் கவலையைத் தாயாருக்குக் கடிதமாக எழுதுவதுபோல் அவர் புனைந்ததைப் படித்துச் சிரிக்காதவர் அரியர். செவிப்புலன் குன்றியிருந்தும் அவருடைய நகைச்சுவை குன்றவில்லை. வாழ்நாள் முழுதும் கதரே அணிந்தார்.

இனி, பரணிலிருந்து இறங்கிய ஜகன்மோகினிக்கு வருவோம். அதன் ஆசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் திருவல்லிக்கேணியில் பிறந்தார். ஐந்து வயது கடந்ததும் விவாகம் ஆகிவிட்டது. வை.மு. என்ற எழுத்துகள் புக்ககத்து வைத்தமாநிதி முடும்பைக் குடும்பத்தைக் குறிப்பவை. பள்ளிக்கூடம் சென்று பயிலவில்லை. கதை சொல்வதில் மட்டும் பெருவிருப்பம். சுற்றத்துச் சிறுவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். அவற்றைப் பார்த்துப் பார்த்து, தாமும் ஒரு நாடகம் இயற்றவேண்டும் என்ற ஆசை எழுந்தது. ஆனால், பிழையறத் தாமே எழுத அப்போது இயலவில்லை. என்ன செய்தார்? வாயால் சொன்னார், பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். இப்படி உருவானதே 'இந்திர மோகனா'. இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் மிகுதியாக எழுதியவர்களுள் ஒருவருடைய முதல் நூல் அவர் கையெழுத்தில் இல்லை என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

1925இல், நின்றுபோயிருந்த ஜகன்மோகினியை ஏற்று நடத்தத் தொடங்கினார். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்கார் இதற்குத் துணைநின்றார். 'வைதேகி' என்ற அம்மையாரின் முதல் நாவல் அதில்தான் தொடராக வந்தது. அன்று தொட்டு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள்! நாவல்கள் மட்டும் நூற்றுப் பதினைந்து. குடும்பத்தாரும் பத்திரிகை வேலையில் பங்குகொண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது சென்னையை விட்டு மக்கள் கலைந்த காலத்தில், சிங்கப்பெருமாள் கோயிலில் குடியேறி, காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவிலும் இதழை விடாது நடத்தினார்.

காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் துறந்து கதருடுத்தினார். கள்ளுக்கடை மறியல், அன்னியத் துணி மறியல் என்று தெருவில் இறங்கி, முப்பதுகளின் தொடக்கத்தில் சிறை சென்றார். சிறையிலும் எழுத்து நிற்கவில்லை. இனிய குரல் வாய்ந்தவராதலால் தேசியக் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார். அவருடைய கதைகளில் வரதட்சிணை, கைம்பெண் மறுமணம், குடிப்பழக்கம் முதலியன மீண்டும் மீண்டும் வரும். கதைப்பின்னல் சில இடங்களில் நெகிழ்ந்திருக்கும். தற்செயல் நிகழ்ச்சிகள் மிகையாக வரும். பாத்திரங்கள் நீண்ட உபதேசம் செய்வர். இதனை ஒளிக்கவேண்டியதில்லை. மாதந்தோறும் அச்சுக்கூடத்திற்குத் தாள் கொடுத்தாக வேண்டியவரின் எழுத்து அப்படித்தான் இருக்கும். ஆயினும், அடுப்பங்கரையை விட்டு வெளிவராத ஆயிரக்கணக்கான பெண்கள், நாவல் படிக்கும் பழக்கத்தையே இவரிடம் பெற்றனர். மகன் 1956இல் மறைந்த துயரம் அவரை உலுக்கிற்று. 1960இல் அவரும் காலமானார். ஆறாண்டுகளுக்குப் பின் பத்மினி நடித்து வெளிவந்து, வீடுதோறும் பெண்களைக் கண்ணீர் சிந்தவைத்த 'சித்தி' படம் அவருடைய 'தயாநிதி' நாவலே. படத்தைப் பார்த்த நம்மில் எத்தனை பேர் கதை யாருடையது என்று கேட்டோம்?

இவ்வளவும் கூறிவிட்டு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைக் கூறாது விடுத்தால் சித்திரம் பொய்யாகிவிடும். 1883இல் பிறந்த அவர் தேவதாசி முறையின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்டவர். காங்கிரசில் உழைத்தார், 1925இல் பெரியார் வெளியேறியபோது தாமும் வெளியேறினார். நாடு விடுதலை பெற்றால் மட்டும் போதுமா, கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் சிறுமிக்கு என்ன விடுதலை என்பதே அவர் எழுப்பிய வினா. 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். 1938இல், ஐம்பத்தைந்து வயதில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்த பயணத்தில் கலந்துகொண்டார். கோதைநாயகியும் இராமாமிர்தமும் ஒரே மேடையில் அமர்ந்திருக்கமாட்டார்கள்; கொள்கையால் எதிரெதிர்த் துருவங்கள். ஒருவர் பஜனையும் கதரும். மற்றவர் கறுப்புக் கொடியும் பகுத்தறிவும். நம் சங்கத்திலும் இரு சாராரின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருவருமே எழுத்தைத் தம் பணிக்குக் கருவியாகக் கொண்டவர்கள் என்பதால் இருவரையும் ஒரே கட்டுரையில் அமர்த்தும் துணிவு நமக்கு வந்தது.

ஏன் இவர்கள் பெயர்கள் பேத்திகளுக்குத் தெரியவில்லை? இலக்கிய வரலாறு எழுதியவர்கள், மணிக்கொடிக் காலத்து ஆண் எழுத்தாளர்களைப் பக்கம் பக்கமாகப் போற்றிவிட்டு, பெண்கள் நடத்திய ஏடுகளை 'பொழுதுபோக்கு' என்று ஒரு வரியில் ஒதுக்கியது ஒரு காரணம். நூலகங்கள் இவ்வேடுகளைத் தொகுத்து வைக்கத் தவறியது மற்றொன்று. மாதப் பத்திரிகை என்பது படித்ததும் பொட்டலம் மடிக்கப் போகும் பொருள்தானே என்ற அலட்சியம் நம் எல்லோருக்கும் இருந்தது.

இந்த மறதியை எதிர்த்து நின்றவர் ஒருவர் நம் நகரத்திலேயே வாழ்கிறார் என்பதைப் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். 'அம்பை' என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி அவர்கள், தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி நூலொன்றை ஆங்கிலத்தில் 1984இல் வெளியிட்டார். 1988இல் தோழியர் சிலருடன் சேர்ந்து மும்பையில் 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக்காப்பகத்தை நிறுவினார். சிட்டுக்குருவி என்ற பொருள்படும் பெயர். பெண்களின் வாய்மொழி வரலாறு, பழைய புகைப்படங்கள், கடிதங்கள், அச்சுத்தாள்கள் ஆகியவற்றைச் சேகரித்துப் பேணும் நிலையம் அது. 2021ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது அவருடைய சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தபோது நம்மவர் பலர் மகிழ்ந்தனர். சிட்டுக்குருவியைப் பற்றி அறிந்தவர் அவர்களுள் சிலரே.

இதைப் படிப்போரில் சிலர், "எங்கள் வீட்டில் அந்நாளில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் யாரும் இல்லையே" எனலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பங்களில் எழுத்தறிந்த மாதர் மிகச் சிலரே. அவர்கள் வாயில் கும்மியும் தாலாட்டும் இருந்தன. இராட்டையையும் காந்தியையும் பாடிய கும்மிகள் அக்காலத்தில் ஊரெங்கும் வழங்கின. லேடி கிரிகரி குடிசை குடிசையாகத் தேடிச் சென்றது இத்தகைய செல்வத்தையே. கோதைநாயகியின் முதல் நாடகமும் வாயிலிருந்துதானே பிறந்தது?

மாதுங்கா வீட்டுப் பேத்திக்கு வருவோம். அவள் தமிழ் சரளமாகப் பேசுவாள், படிக்க வராது. ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றும் பள்ளியில் பயின்றாள். தமிழுக்கு இடமில்லாமற் போயிற்று. பெற்றோரைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை; நம் இல்லத்திலும் நிலைமை இதுவே. ஐரிஷ் மக்களின் மொழி நழுவிய வரலாற்றை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே, தன் கொள்ளுப்பாட்டி கத்தரித்துத் தைத்த தாள்களை அவள் படமாகவே பார்த்துக்கொண்டிருந்த காட்சி நமக்குச் சிறிது கலக்கத்தையே தந்தது.

இரண்டு வாரம் கழித்துச் செம்பூர் வீட்டிற்குச் சென்றிருந்தோம். மாலையில் விளக்கேற்றியானதும் பாட்டியார் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு ஒரு அத்தியாயம் வாசிக்கிறார். பேத்தி அருகில் அமர்ந்து அதனைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்கிறாள். நடுநடுவே ஒரு சொல்லை நிறுத்திப் பொருள் கேட்கிறாள். 'அகௌரவம்' என்றால் என்ன, 'சீர்வரிசை' என்றால் என்ன என்று. தேர்வு முடிந்துவிட்டது, வாசிப்பு முடியவில்லை. கடந்த வாரம் முதல் அவளே விரலை வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறாள். 'ழ' இன்னும் தகராறு செய்கிறது.

ஓர் இடையூறு மட்டும் உண்டு. மூன்றாம் தொகுதியின் கடைசித் தாள்கள் இல்லை என்று முன்னரே கூறினோம். கதாநாயகி நள்ளிரவில் இரயிலேறிப் பட்டணம் போகும் கட்டத்தில் தொகுதி அறுந்துபோகிறது. அவள் கதி என்னவாயிற்று என்று பாட்டியாருக்கும் நினைவில்லை. இடிபடும் வீடுகளில் பரண் ஒழிக்கும் அன்பர்கள், பழைய ஜகன்மோகினி இதழ்கள், தைத்த தொடர்கதைத் தொகுதிகள், கும்மிப்பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் முதலியவை தென்பட்டால், ரத்திக்காரரை அழைப்பதற்கு முன் நம் சங்க அலுவலகத்திற்கு ஒரு சொல் சொல்லி அனுப்புமாறு வேண்டுகிறோம். தாள் இற்றுப்போயிருந்தாலும் பாதகமில்லை. பாட்டியார் காத்திருக்கிறார்.